பூங்கோதை வாங்கிவந்த அமைதி

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் மூன்று மாமாக்கள் இருந்தார்கள். மூவருக்கும் பொதுவாக ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. மூளை இருந்ததா என்று யாரும் விசாரித்ததில்லை. ஆண்பிள்ளைகளிடம் அதைக் கேட்கும் வழக்கமில்லை.

அந்த வீட்டில் தங்கிச் சட்டம் படித்த தங்கை மகள் பூங்கோதைக்குத் திங்கட்கிழமை காலை கடைசிப் பரீட்சை. மாமாக்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிந்ததிலிருந்து நாகசுரம் கேட்டாக வேண்டும், அதுவும் அலமாரிக் கண்ணாடி அதிர அதிர. உரிமை, நியாயம் என்று அவள் வாதாடிப் பார்த்தாள். "நல்லாப் பேசுதா!" என்று மூவரும் கைதட்டினார்கள். சத்தத்தை மட்டும் குறைக்கவில்லை.

எனவே அவளே கடைக்குப் போய் ஒரு வயர்லெஸ் ஹெட்போனும், பாட்டை அதற்கு அனுப்பும் தீப்பெட்டி அளவுப் பெட்டியும் வாங்கிவந்தாள். செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் வரி: சிவப்பு வயரைச் சிவப்பு ஓட்டையிலும் வெள்ளை வயரை வெள்ளை ஓட்டையிலும் சொருகவும்.

ஆம்ப்ளிஃபையரின் முதுகில் இருபது வருஷத்து அழுக்கு. எல்லா ஓட்டையும் கறுப்பு.

"சிவப்பையே காணோமே அண்ணே" என்றார் நடு மாமா கொம்பையா.

"இல்லேன்னா உண்டாக்கணும்ல" என்று பெரிய மாமா சங்குமுத்து பூஜை அலமாரியைத் திறந்தார். ஓர் ஓட்டைக்குக் குங்குமம், பக்கத்து ஓட்டைக்குத் திருநீறு. எதற்கு எது என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். துணியால் துடைத்துப் பார்க்கலாம் என்ற அற்ப யோசனை ஒருவருக்கும் வரவில்லை.

அடுத்த வரி: பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடிக்கவும். நீல விளக்கு எரியும்.

சின்ன மாமா பிச்சையா அழுத்தினார். எரிந்தது. அவர் விடவில்லை.

"விடலாம்னு எழுதியிருக்கா?" என்றார் சங்குமுத்து.

"எழுதலியே."

"அப்பப் பிடி. சட்டம் படிக்கிற புள்ள, காரணமில்லாம எழுதாம இருப்பாளா?"

பிச்சையா மத்தியானம்வரை பிடித்தார். கொம்பையா சோறு ஊட்டினார்.

கடைசி வரி: என் அறைக்குச் சத்தம் வரக் கூடாது.

அந்தப் பொறுப்பும் கொம்பையாவுக்குத்தான். ஊட்டிய நேரம் போக, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய்க் கதவைத் தட்டினார்.

"சத்தம் வருதா தாயி?"

"வரல மாமா."

"இப்ப?"

"நீங்கதான் மாமா சத்தம்!"

கொம்பையா தாளை எடுத்துப் பார்த்தார். அவர் பெயர் அதில் இல்லை. நிம்மதியாகத் தொடர்ந்து தட்டினார்.

பொறுக்கமாட்டாமல் பூங்கோதை வெளியே வந்தாள். பிச்சையாவின் விரலைப் பெயர்த்தெடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, பாட்டைப் போட்டு, ஹெட்போனைப் பெரிய மாமா தலையில் மாட்டிவிட்டுப் போனாள். வீடு அடங்கியது. ஒரு பக்கம் முழுதாகப் படித்தாள்.

கூடத்தில் சங்குமுத்து கண்ணை மூடித் தலையாட்டினார். தம்பிகள் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிச்சையாவுக்கு மனசு கேட்கவில்லை. ஹெட்போனை இழுத்து இறக்கினார்.

"அண்ணன் மட்டும் கேக்கதுக்கு நாங்க என்ன மாத்தாந்தாய்ப் பிள்ளைகளா? அப்பா காலத்துல இருந்து இந்த வீட்டுல நாகசுரத்த ஒத்தையாக் கேட்டது உண்டா?"

"அது தப்புதாம்ல" என்று சங்குமுத்து வெட்கப்பட்டார்.

மூவரும் ஆலோசித்தார்கள். பிச்சையா ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் ஒரு மைக்கை இரவல் வாங்கிவந்தார். ஹெட்போனை மைக்குக்கு மாட்டினார்கள். மைக்கை அதே ஆம்ப்ளிஃபையரில் சொருகினார்கள். எல்லாருக்கும் கேட்க வேண்டுமே என்று ஸ்பீக்கரையும் முழுச் சத்தத்தில் போட்டார்கள்.

'கூ' என்று ஓர் ஊளை கிளம்பியது. ஜன்னல் அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் தெருவைவிட்டே ஓடியது. ஊளை நிற்கவில்லை.

பஞ்சு அடைத்த காதும் கையில் புத்தகமுமாகப் பூங்கோதை பாய்ந்து வந்தாள். "நிறுத்துங்க மாமா! நாளைக்குப் பரீட்சை எனக்கு!"

சங்குமுத்து கண் கலங்கி, உதட்டில் விரலை வைத்தார்.

"சும்மா இரு தாயி. கால் மணி நேரமா வாசிக்காரு, வித்வான் இன்னும் மூச்சே விடல."