ரேடியோ பூங்காவுக்கு மூன்று வரைபடங்கள்

இந்தக் கதையில் மூன்று பேர் போட்டி போடுவார்கள். மூவரும் நல்லவர்கள். ஆகவே கெட்டவன் யாரென்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஊர்ப் பெயரையும் கேட்காதீர்கள். சொல்லிவிட்டால் அந்தப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

அந்த ஊரின் நடுவே ஒரு பூங்கா. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊருக்கு அது ரேடியோ பூங்காதான். வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலத்தில் நகராட்சி அங்கே ஒரு செங்கல் அறை கட்டி, உள்ளே ரேடியோ வைத்து, கூரையில் குழாய் ஸ்பீக்கரை மாட்டியிருந்தது. அறையை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம்.

இன்றைய நகர்மன்றத் தலைவி பொற்கொடிக்கு அந்தச் சாயங்காலங்கள் அப்படியே கண்ணுக்குள் நிற்கின்றன. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா முகம் கழுவிய ஈரத்தோடு அவளைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து அழைத்து வருவார். ரேடியோக்காரர் குருசாமி அறைக் கதவைத் திறப்பார், ரேடியோவைத் திருகுவார், மறுபடி பூட்டிவிட்டு அவரும் புல்லில் வந்து உட்கார்ந்துகொள்வார். செய்தி தொடங்கும் நேரத்துக்கு மரம் இலைகளை மூடத் தொடங்கும்.

"அப்பா, மரத்துக்குத் தூக்கம் வந்துடுச்சு."

"செய்தி வாசிக்கிறவர் குரல் அப்படிம்மா!"

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்பாவின் சட்டையில் பஞ்சு வாசம் அடிக்கும். அவர் போய் எத்தனையோ காலம் ஆகிறது. இன்றும் அவரை நினைத்தால் பொற்கொடிக்குச் சுவரில் மாட்டிய படம் நினைவுக்கு வராது, அந்தப் புல்தரைதான் வரும்.

பின்னால் ஒரு புயலில் அறை இடிந்து விழுந்தது. மரம் பிழைத்துக்கொண்டு பெருத்தது. அறை நின்ற இடத்திலும் அதன் வேர் ஓடிவிட்டது. இப்போது அதன் அடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உட்காருகிறார்கள். மழை வந்தால் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எதிர் டீக்கடைக்கு ஓட்டம். பாவம், டீக்கடைக்காரரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

பூங்காவில் பசுமைக் கட்டடம் ஒன்று கட்டிக்கொள்ள அனுமதி வந்தது. "எங்க ரேடியோ ரூமைத் திரும்பக் கட்டிக் குடு தாயி" என்று பெரியவர்கள் வந்து நின்றார்கள். "ஒதுங்கிப் படிக்க ஒரு இடம் வேணும் மேடம்" என்று பிள்ளைகள் நின்றார்கள். பொற்கொடிக்கு வாய் சும்மா இருக்காதே! மேடையேறிச் சொல்லிவிட்டாள்.

"பெரியவங்களுக்கு அந்த ரேடியோ சாயங்காலம் திரும்பி வரும். பிள்ளைங்களுக்குப் படிக்கிற அறை வரும். மரத்துக்கு ஒரு குறையும் வராது. இதுல ஒண்ணு தவறினாலும் நான் இந்த நாற்காலியில உட்காரமாட்டேன்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்த பிறகுதான் மூன்றும் ஒன்றாக எப்படி நடக்கும் என்று அவளுக்கு உறைத்தது. வரைபடம் கேட்டு ஒரு போட்டி அறிவித்தாள், மூன்று பேர் வந்தார்கள்.

முதல் வரைபடம் ஓய்வுபெற்ற பொறியாளர் சற்குணத்துடையது. பழைய இடத்திலேயே மரத்தடியில் அதே செங்கல் அறை, அதே வளைவு ஜன்னல். பிள்ளைகள் உள்ளே படிக்கலாம். விளக்குக்கும் விசிறிக்கும் கூரையில் சூரியத் தகடுகள். "ஒரு கிளையையும் தொடமாட்டேன், எழுதியே தர்றேன்" என்றார். பெரியவர்கள் கண் கலங்கிவிட்டார்கள்.

இரண்டாவது, கட்டட ஒப்பந்தக்காரர் திலகராஜ். அறையே வேண்டாம் என்றார். மரத்தைச் சுற்றி அகலமாக ஒரு சிமெண்ட் மேடை, மேலே தூண்களில் நிற்கும் ஓட்டுக் கூரை. "காத்து வரும், கரண்ட் வேண்டாம். பெரியவங்க ரேடியோ கேக்கட்டும், பிள்ளைங்க படிக்கட்டும். எல்லாரும் ஒரே இடத்துல!"

மூன்றாவது, மதுரையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ரெஹானா. பூங்காவின் மூலையில், ஒரு மரமும் இல்லாமல் நாள் முழுக்க வெயில் காயும் பழைய சைக்கிள் ஸ்டாண்டின் சிமெண்ட் தரை கிடந்தது. அதன்மேல் சுடாத மண்கற்களால் தடித்த சுவர் வைத்த படிப்பறை, தாழ்வாரம், சூட்டை வெளியேற்றும் உயரக் கூரை, அதில் சூரியத் தகடுகள். மரத்தடியில் ஒன்றுமே வரையவில்லை. புல்தரை ஓரத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

பெரியவர் சிவனாண்டிக்கு வந்ததே கோபம். "ரேடியோ ரூம் எங்கம்மா? வெறும் கம்பத்தை நட்டு எங்களை ஏமாத்தப் பாக்கிறியா?"

"வேணும்னேதான்யா அங்க எதுவும் வரையலை" என்றார் ரெஹானா.

மூன்று தாள்களையும் மேசையில் விரித்துவிட்டுப் பொற்கொடி திகைத்துப்போய் உட்கார்ந்தாள். மூவருமே மரத்தை வெட்டவில்லை. மூவருமே பசுமை என்கிறார்கள். தப்பாக ஒன்றை எடுத்தால் நாற்காலி மட்டுமா போகும்? அப்பா உட்கார்ந்த இடமும் அல்லவா போகும்!

சொல்லுங்கள் பார்ப்போம்: பொற்கொடி கொடுத்த வாக்கு முழுவதையும் காப்பாற்றியது யாருடைய வரைபடம்?

விடை: ரெஹானாவுடையதுதான். மர நிழலில் வைத்த சூரியத் தகடு சரியாக வேலை செய்யாது. சற்குணம் இன்று கிளையைத் தொடாவிட்டாலும் நாளைக்கு ரம்பம் வந்தே தீரும். அஸ்திவாரம் தோண்டினால் வேரும் அறுபடும். திலகராஜின் சிமெண்ட் மேடை வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகவிடாமல் மூடிவிடும். படிக்கும் அறையும் இல்லை, சாரல் அடித்தால் புத்தகமும் நனையும். ரெஹானா ஏற்கெனவே மூடிக் கிடந்த தரைமேல் கட்டினார், வெயிலில் தகடு வைத்தார். சரி, பெரியவர்கள் கேட்ட ரேடியோ அறை? "உங்கள்ல யாராவது அந்த ரூமுக்குள்ள ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கீங்களா?" என்று பொற்கொடி கேட்டாள். ஒருவரும் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது புல்தரையில் கூடி உட்காரும் அந்தச் சாயங்காலம். திறப்பு விழா அன்று ஸ்பீக்கர் பேசத் தொடங்கியதும் சிவனாண்டி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். "உட்காரு தாயி, உங்கப்பா இங்கதான் உட்காருவாரு" என்றார். உட்கார்ந்தவள் தான் நகர்மன்றத் தலைவி என்பதையும் மறந்து வாய்விட்டு அழுதாள்.