பண்ணையார் தலைக்கு மேலே

இதை எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்கா, என் மூத்த மகள் கல்யாணத்துக்கு நாங்கள் ஓடு மாற்றின வாரம், ஜெபம் முடிந்து எழும்பும்போது.

பண்ணையார் சிதம்பரநாதர் தன் தலைக்கு மேலே யாரும் நிற்கக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். ஒருநாள் கூரைக்கு ஓடு வேயும் மிக்கேலைக் கூப்பிட்டார்.

"அஞ்சே நாள்ல என் வீட்டு ஓடு பூரா மாத்தணும். தப்பினா இனி இந்த ஊர்ல நீ ஏணி சாத்தக்கூடாது."

"ஓட்டைத் தாங்குற கைமரம் உளுத்திருந்தா நாள் கூடும். மழை வந்தாலும் கூடும், ஐயா."

"சாக்கு சொல்லாதலே."

"சரி, அஞ்சு நாள். நான் மேலே நிக்கையில ஐயா தலை எங்கே இருக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். கட்டளையை மாற்ற பண்ணையாருக்குக் கௌரவம் விடவில்லை. வேலை முடியும்வரை வீட்டுக்குள் இருக்காமல், எதிரே இருந்த வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

ஓடு முழுவதையும் இறக்கின ரெண்டாம் நாள் மழை கொட்டியது. ஒதுங்குவதற்குப் பக்கத்தில் மிக்கேலின் சின்ன வீடுதான் இருந்தது. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. பண்ணையார் அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்கு எத்தனை நாள் எடுத்தே?"

"பத்து நாள், ஐயா. விரட்ட ஆளில்லை."

பண்ணையார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"என் வீட்டுக்கும் பத்து நாள் எடுத்துக்கோ, மிக்கேலு. நீ மேலே நில்லு, நான் கீழே என் வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிறேன்."

மறுநாள் மிக்கேல் ஏணி ஏறியபோது ஊரே அண்ணாந்து பார்த்ததாம்.

உங்கள் தெருவில் யாராவது கூரைமேல் நின்றால், இறங்கும்போது ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள்.