ஹாஜியார் தேடிய ஏழை

துணிக்கடை ஷேக்னா ஹாஜியார் அந்த வருட ஜகாத் தர்மத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்று நோன்பு மாதத்தில் யோசிக்க உட்கார்ந்தார். கை நீட்டி வாசலில் நின்ற கூட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. சமையற்காரி மைமூனைக் கூப்பிட்டார்.

"யாரிடமும் கேட்காத ஏழை வேணும். என் பேரைச் சொன்னதும் கண் கலங்கணும். நாளைக்குள்ள காட்டு. இல்லேன்னா நீ வேலைக்கு வர வேணாம்."

"இருக்காங்க முதலாளி. நீங்களே வந்து கொடுங்க."

மறுநாள் சாயங்காலம் ஓர் ஓட்டு வீட்டு வாசலில் அவரை நிறுத்திவிட்டு மைமூன் உள்ளே போனாள். பார்வை போன ஒரு பெண் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"ஷேக்னா ஹாஜியார் ஜகாத் கொடுக்கணுமாம்."

அந்தப் பெண் அழுதாள். "எனக்கு ஒண்ணும் வேணாம். தம்பி நல்லா இருக்கானா?"

வாசலில் நின்றவருக்குக் குரல் தெரிந்தது. சொத்தில் பங்கு கேட்டதற்காக அவர் வெளியே அனுப்பிய அக்கா. பணத்தை எடுத்தார்.

மைமூன் வெளியே வந்து மெதுவாகச் சொன்னாள்: "இதை ஜகாத்துல சேர்க்காதீங்க முதலாளி. இது அவங்க பங்கு."

ஹாஜியார் உடைந்து அழுதார்.

உள்ளிருந்து குரல் வந்தது. "வாசல்ல யாரோ அழுறாங்களே மைமூன். பசியோ என்னவோ, பாவம். எனக்கு வச்ச கஞ்சியை அவருக்குக் கொடும்மா."