ஞானப்பிரகாசத்தின் ஞாபகம்

ஒரு கல்லூரியில் மனித ஞாபகத்தை ஆராயும் பேராசிரியர் ஒருவர் இருந்தார், பெயர் ஞானப்பிரகாசம். ஊரார் ஞாபகமெல்லாம் தப்பும், தன்னுடையது மட்டும் தப்பாது என்பது அவர் கட்சி. ஒருநாள் ஆய்வகச் சாவியைக் காணவில்லை.

“நேத்து சாயங்காலம் உன் கையிலதான் கொடுத்தேன்,” என்றார் அட்டெண்டர் பொற்கொடியிடம், வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க. “கொடுக்கலைன்னா நிரூபி. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

“தினமும் கொடுப்பீங்க சார், நேத்து கொடுக்கலை.” பதினாறு வருஷமாகக் கதவோரம் நின்று அவர் பாடத்தைக் கேட்டவள் அவள். “நீங்க பிள்ளைங்களுக்கு வைக்கிற பரீட்சையை உங்களுக்கு நான் வைக்கட்டுமா? பால், சர்க்கரை, இஞ்சி, ஏலக்காய், வடிகட்டி, டம்ளர், பிஸ்கட். இதுல பிஸ்கட் சொன்னேனா?”

“சொன்னே.”

“ஆட்டுக்குட்டி?”

“இல்லை.”

“டீ?”

“சொன்னியே! இஞ்சிக்கு முன்னால. உன் குரல்கூட இன்னும் காதுல இருக்கு.”

எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும் முன்வரிசை மாணவி நோட்டைப் பார்த்து, “டீ இல்லையே சார்,” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“எப்பவும் சேர்ந்தே வர்றது, வராதப்பவும் வந்த மாதிரி தோணும்னு நீங்கதானே சார் பாடம் நடத்தினீங்க? சாவியும் அப்படித்தான்,” என்றாள் பொற்கொடி.

பேராசிரியர் வீட்டுக்குப் போன் போட்டார். குரல் தணிந்திருந்தது. “என் நேத்தைய சட்டையைத் துவைக்கப் போட்டாச்சா? அதோட பையைக் கொஞ்சம் பாரு.”