கதவுக்கு எண்ணெய் விட்ட புன்னைவனத்தார்

ஆலடிமங்கலத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கார் கதவுகளைச் சரிசெய்து பிழைத்தவர் புன்னைவனத்தார். இடிபட்டு வந்த கதவை நிமிர்த்துவார். தொங்கிய கதவைத் தூக்கி மாட்டுவார். இறுகிப்போன கீலை இளக்குவார். எஞ்சின் பக்கம் யாராவது கைகாட்டினால், "அது நமக்குத் தெரியாது" என்று நகர்ந்துவிடுவார்.

கடம்பநாதர் கோயில் நடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நிற்பார். கையில் சிறிய எண்ணெய்க் குப்பி இருக்கும். கோபுர வாசல் தொடங்கி உள்ளே ஏழு வாசல்கள். ஏழிலும் கதவு சுழலும் குடுமிகளில் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே போவார். கதவு முனகினால் சுவாமியின் தூக்கம் கெடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேறு பூசையோ பாட்டோ அவருக்குத் தெரியாது. எண்ணெயை வடிகட்டிக் குப்பியில் நிரப்பிக் கொடுப்பவர் அவருடைய மனைவி ஆவுடைத்தங்கம்.

தைப்பூசத் தீர்த்தவாரிக்கு அந்தக் கோயிலின் உற்சவர் சந்திரசேகரர் தாமிரபரணிக்குக் காரில் போவார். பழைய ஜமீன்தார் ஒருவர் எழுதிவைத்த சீமைக் கார் அது. சுவாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கும் பிரபை கார் வாசலைவிட அகலம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பின்பக்கக் கதவைக் கழற்றுவார்கள். மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல். இரண்டிலும் உள்ள இரும்புப் பின்களைத் தட்டி எடுத்தால் கதவு கையோடு வந்துவிடும். சுவாமி திரும்பியதும் மறுபடி மாட்ட வேண்டும். இருபது வருடங்களாக அது புன்னைவனத்தாரின் தொண்டு.

போன வருடம் அவர் கதவைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது ஆள் ஓடி வந்தது. ஆவுடைத்தங்கம் தெருக்குழாயடியில் விழுந்துவிட்டார். புன்னைவனத்தார் இரண்டு பின்களையும் அப்படியே அடித்து இறக்கிவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர் அழவில்லை. பதினேழாம் நாள் பட்டறையைத் திறந்தார். வருடம் திரும்பும்வரை கோயிலுக்குள் போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கோபுர வாசலில் வெளியிலிருந்து எட்டுகிற குடுமிக்கு மட்டும் எண்ணெய் விட்டார். குப்பியை இப்போது அவரே நிரப்பினார். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. சுவாமியிடம் முறையிடவும் இல்லை. கதவு இருந்தது, எண்ணெய் இருந்தது, விட்டார். மழை நாளிலும் விட்டார். காய்ச்சலிலும் விட்டார். இது பக்தியா பழக்கமா என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் தெரியாது.

மறுபடி தைப்பூசம் வந்தது. பூசம் நட்சத்திரக் கணக்கு, திவசம் திதிக் கணக்கு; அதனால் தலைத்திவசத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. துக்க வீட்டுக்காரர் வேண்டாமென்று கோயில் மணியம் பிறவிப்பெருமாள் இம்முறை தளவாய் என்கிற வெல்டரைக் கூப்பிட்டிருந்தார். கோயில் நிர்வாகமெல்லாம் மணியத்தின் கையில்தான். தளவாய் காலை முழுவதும் பின்களை மேலிருந்து அடித்தார். அந்தப் பின்கள் கீழிருந்து மேலே ஏற்றி எடுக்க வேண்டியவை. அடிக்க அடிக்க இன்னும் இறுகின. ஒன்பது மணிக்குப் புன்னைவனத்தாருக்கு ஆள் போயிற்று.

கார் கொட்டகை மதிலுக்கு வெளியே இருந்தது. அவர் வந்து குனிந்து பார்த்தார். பின் முழுக்கத் துரு.

"போன வருசம் இத மாட்டுனது யாரு?" என்றார் தளவாய்.

"நாந்தான்."

"எண்ணெ விடாம அடிச்சு வச்சது?"

"அதுவும் நாந்தான்."

தளவாய் மணியத்தைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீரா அண்ணாச்சி? ஊர்க் கதவுக்கெல்லாம் எண்ணெ விடுத மனுசன், சாமி கதவக் காயப் போட்டுட்டாரு. பொண்டாட்டி செத்து வருசம் திரும்பல, வண்டியத் தொட வேற வந்துட்டாரு. தள்ளுங்க, கேஸ் கட்டர வச்சு ரெண்டு நிமிசத்துல கீல அறுத்துத் தாரேன்."

"அறுத்தா பொறவு மாட்ட முடியாது" என்றார் புன்னைவனத்தார். "உள்ள மரச் சட்டம். கருகிரும்."

மணியம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்குச் சாமி புறப்படணும். உச்சிகால மணி அடிக்கது வரைக்கும் பாரும். பொறவு தளவாய் அறுப்பாரு. அடுத்த வருசத்துலருந்து லாரிதான். உமக்கும் இங்க வேலை இருக்காது. நான் என்ன செய்ய?"

புன்னைவனத்தார் மண்ணெண்ணெயால் கீல்களைக் கழுவினார். மரத்தின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு ஊதுவிளக்கால் கீலுக்கு மட்டும் சூடு காட்டினார். கியர் ஆயில் விட்டார். காத்திருந்தார். கீழிருந்து தட்டினார். மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். பதினொன்றரைக்குக் கீழ்ப்பின் வந்துவிட்டது.

மேல்பின் வரவில்லை. இப்போது கதவின் பாரம் முழுவதும் அந்த ஒரு பின்னில் தொங்கியது. கதவுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்தார். ஜாக்கி ஒரு பல் ஏறினால் பின் மேலே கடித்தது, ஒரு பல் இறங்கினால் கீழே கடித்தது. பாரத்தை அறிந்து தாங்க ஓர் ஆள் வேண்டும். சுவாமி தூக்குகிறவர்கள் எல்லாரும் மடப்பள்ளியில் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். தளவாயும் கேஸ் கட்டரைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தார். மணி அடிக்கக் கால்மணி நேரம் இருந்தது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெறுமே நின்றார்.

"நான் புடிக்கட்டுமா?"

இடுப்பில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் கொட்டகை வாசலில் நின்றார். மேலே துண்டுகூட இல்லை. தலை ஈரமாக இருந்தது.

"சாமி தூக்க வந்த ஆளா?" என்றார் புன்னைவனத்தார்.

"தூக்குத ஆளுக சாப்பிடுதாங்க. ஒரு நாளாவது நானும் தூக்கிப் பாக்கணும்லா?"

புன்னைவனத்தார் சிரிக்கவில்லை. "அப்பம் குந்தி உக்காந்து அடிவிளிம்ப வலது தோள்ல வாங்கும். கையில புடிச்சா நடுங்கும். சொன்னா ஏத்தணும், சொன்னா எறக்கணும். மத்த நேரம் அசையப்படாது."

"அசையாம இருக்கதுதான் நம்ம சோலி" என்று அவர் குந்தினார்.

"மயிரளவு மேல. போதும். கொஞ்சம் எறக்கும். அங்கதான், அப்படியே இரும்."

சுத்தியல் விழுந்தது. வந்தவர் கதவுக்கு அடியிலிருந்து பேச்சுக் கொடுத்தார்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"சாமிமேல கோவமா?"

புன்னைவனத்தார் யோசித்துவிட்டு, "இல்ல" என்றார்.

"பிரியமா?"

"தெரியல."

"பொறவு என்னதான் இருக்கு உள்ள?"

"ஒண்ணுமில்லய்யா. இந்தப் பின்னு வரணும். அவ்வளவுதான்."

"அது போதும்" என்றார் வந்தவர்.

அடுத்த அடியில் பின் கிறீச்சிட்டுக்கொண்டு மேலே எழும்பியது. அதற்கடுத்த அடியில் கழன்று விழுந்தது. கதவின் முழுப் பாரமும் அந்தத் தோளில் இறங்கியது. இருவருமாக அதைச் சாக்கின்மேல் கிடத்தினார்கள். புன்னைவனத்தார் கீலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது கொட்டகையில் யாரும் இல்லை. சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். உச்சிகால மணி அடித்தது.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குருக்களின் சத்தம் கேட்டது. "மணியம்! இங்க வாரும்! சுவாமிய யாரு தொட்டா?"

சந்திரசேகரரின் வலது தோளில் நான்கு விரல் நீளத்துக்குத் துருவும் எண்ணெயுமாக ஒரு கறை. காலையில் அபிஷேகம் முடித்ததும் குருக்கள்தான் கம்பிக் கதவைப் பூட்டியிருந்தார். சாவி அவர் இடுப்பைவிட்டு நகரவில்லை.

"துருக்கறைன்னா வேற யாரு?" என்றார் தளவாய். மூவரும் கொட்டகைக்கு வந்தார்கள்.

"உள்ள வந்தீரா வே?" என்று மணியம் அதட்டினார்.

"வரல."

"கூட யாரும் இருந்தாங்களா?"

"ஒரு ஆளு. கதவத் தோள்ல வாங்கிக்கிட்டாரு. யாருன்னு தெரியாது. மேல துண்டு இல்ல, தல ஈரமா இருந்துது."

"தூக்குத ஆளு அத்தன பேரும் எங்கூட பந்தியில இருந்தாங்க" என்றார் தளவாய். சொல்லி முடிக்கும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது.

குருக்கள் மெதுவாகக் கேட்டார். "எந்தத் தோள்?"

"வலது. நாந்தான் சொன்னேன்."

குருக்கள் குனிந்து, சாக்கில் கிடந்த கதவைப் பார்த்தார். அடிவிளிம்பில் ஓரிடத்தில் துரு புதிதாக உதிர்ந்திருந்தது. அதன்மேல் விரல்களை வைத்து அளந்தார். நான்கு விரல். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தளவாய் செருப்பைக் கழற்றினார்.

"ஓய், உள்ள வாரும்" என்றார் குருக்கள்.

"வருசம் திரும்பலயே, சாமி."

"அவரே வெளிய வந்துட்டார். இனி உமக்கென்ன தீட்டு?"

அந்தக் கறையைத் துடைக்கக் குருக்களுக்குக் கை வரவில்லை. அதோடுதான் அலங்காரம் நடந்தது. அதோடுதான் சந்திரசேகரர் மூன்று மணிக்குக் காரில் எழுந்தருளினார். கூட்டம் சேதி கேட்டுக் கோஷம் போட்டது. தளவாய் கூட்டத்தை விலக்கிப் புன்னைவனத்தாருக்கு வழி விட்டார்.

கதவு இல்லாத அந்த வாசலுக்கு அருகே அவர் நின்றார். மாலைகளுக்கு நடுவே தோளும் கறையும் தெரிந்தன. அவருக்கு மெய் சிலிர்க்கவில்லை, கண்ணீரும் வரவில்லை. உள்ளே முன்போலவே வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் சற்றே குனிந்தார். ஒரு வருடமாகச் சுவாமியிடம் ஒரு வார்த்தை பேசாதவர், பக்கத்தில் நின்ற குருக்களுக்கு மட்டும் கேட்கும்படி, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது அது ஒன்றுதான். ஆளை அறியாமலே ஆண்டவனை வேலை வாங்கி, அறிந்த பின்னும் தமக்கென ஒன்றும் கேட்கத் தோன்றாத புன்னைவனத்தாரின் எண்ணெய் படிந்த கைகளுக்கு நம் வணக்கம்.