சில்லு கற்ற ஆரோக்கியம்

ஒரு வெள்ளைக்கல்லுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது மிஷின்களுக்குள் 'சிப்' என்று வைக்கிற சில்லு, இளையது தூசி.

சில்லு நெருப்பில் உருகி, சுத்தமாகி, கண்ணாடி வீட்டில் வளர்ந்தது. அங்கே நுழைகிற மனிதர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டார்கள். மனித மூச்சுப் பட்டால் சில்லு கெட்டுவிடுமாம். தூசி, வெள்ளைக்கல் அரைக்கும் மில்லில் பிறந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் மூக்கை மூட ஒரு துண்டுத் துணிகூட யாரும் கொடுக்கவில்லை. கல்லுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவு. மனிதனுக்குக் கிடைத்தது இவ்வளவு.

வளர்ந்த சில்லுக்கு ஆராய்ச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. சிறு பெட்டிக்குள் உட்கார்ந்து, குழாய் வழியாக வரும் மூச்சை முகர்ந்து பார்க்க வேண்டும். நெஞ்சுக்குள் புண் இருந்தால் மூச்சின் வாசனை மாறும். அந்த வாசனை மேலே படிந்ததும் சில்லுக்குள் ஓடும் மின்சாரமும் மாறும். நோய் என்றால் சிவப்பு விளக்கு, நலம் என்றால் பச்சை.

"நலம் என்றால் எப்படி இருக்கும்?" என்று சில்லு கேட்டது.

"காட்டுகிறேன்," என்றார் டாக்டர் சுகிர்தா. நல்ல மனசுக்காரர்தான். ஆனால் மில் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. நோயில்லாத ஆட்களை அனுப்பும்படி அந்த மில்லுக்கே சொல்லியனுப்பினார்.

மேஸ்திரி ஆட்களை வரிசையாக நிறுத்தினான். "இருமுறவன் எல்லாம் தள்ளி நில்லு. நல்லா இருக்கறவன் மட்டும் வேன்ல ஏறு."

ஒருவனும் இருமவில்லை. மேஸ்திரி முன்னால் இருமினால் மறுநாள் வேலை கிடையாது. இருமலை எச்சிலோடு விழுங்கப் பழகிய ஆட்கள் அவர்கள். விழுங்கிக்கொண்டே வேனில் ஏறினார்கள். விழுங்கிக்கொண்டே குழாயில் ஊதினார்கள்.

"இதுதான் நலம். நன்றாக மனதில் வைத்துக்கொள்," என்றார் டாக்டர். சில்லு வைத்துக்கொண்டது.

சில மாதம் போனது. இனிமேல் இருமலை விழுங்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்ட சடையப்பன் என்ற மில் தொழிலாளியை, அவன் மனைவி அங்காயி அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். வழியெல்லாம் வாக்குவாதம்.

"எங்கண்ணன் தோப்புக் காவலுக்கு ஆள் கேக்கறாரு. மில்லை விட்டுப்போட்டுப் போயிரலாமுங்க."

"மச்சான் வீட்டுச் சோத்துக்கா? மிஷினு சொல்லட்டும். சிவப்பு எரிஞ்சா அன்னைக்கே மூட்டையைக் கட்டறேன்."

"சொன்ன வாக்கு மாறப்படாது."

"மாறலை போ."

சடையப்பன் நெஞ்சுக்குள் நுரையீரல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. தூசி அதற்குள் குடியேறி, பாதி இடத்தைக் கல்லாக்கி வைத்திருந்தது. நுரையீரல் மூச்சைக் கூப்பிட்டது.

"நீதான் போகிறாய். எல்லாவற்றையும் அந்தச் சில்லிடம் சொல்லிவிடு. இதை விட்டால் இவன் பிழைக்க வேறு வழியில்லை."

சடையப்பன் ஊதினான். மூச்சு தள்ளாடிப் போய்ச் சில்லின் மேல் விழுந்தது.

"உன் தம்பி இவன் நெஞ்சைத் தின்கிறான். சிவப்பைப் போடு!"

சில்லு முகர்ந்து பார்த்தது. "இந்த வாசனை எனக்குத் தெரியுமே. இதுதான் நலம்."

"நலமா? இது புண்ணின் வாசனை!"

"எனக்குக் காட்டிய நல்ல ஆட்கள் எல்லோரிடமும் இதுதான் இருந்தது. உன்னிடம் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்."

"அவர்களும் நோயாளிகள். இருமலை விழுங்கிக்கொண்டு ஊதினார்கள்."

"ஊதியதுதான் என்னிடம் வரும். விழுங்கியது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு சந்தேகமாவது படக்கூடாதா?"

"சந்தேகத்துக்கு விளக்கு வைக்கவில்லையே," என்றது சில்லு.

பச்சை எரிந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லை. சாதாரணச் சளியாத்தான் இருக்கும்," என்றார் டாக்டர்.

அங்காயி நகரவில்லை. "ஏனுங்க டாக்டரம்மா, படுத்தா மூச்சு முட்டுதுன்னு இந்த மனுசன் சுவத்துல சாஞ்சுக்கிட்டே தூங்கறாரு. அது தெரியலீங்களா உங்க பெட்டிக்கு?"

"இந்த ஊர் ஆட்களை வச்சே பழக்கின மிஷின்மா. தப்பாச் சொல்லாது."

சடையப்பன் சிரித்தான். அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"கேட்டியா புள்ள? உங்கண்ணனை வேற காவல்காரனைப் பாத்துக்கச் சொல்லு."

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவன் குனிந்து இருமிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நுரையீரல் பதிலுக்காகக் காத்திருந்தது. மூச்சு தள்ளாடியபடியே உள்ளே திரும்பி வந்தது. அதைப் பார்த்ததுமே நுரையீரலுக்குப் புரிந்துவிட்டது.

தூசிக்கும் புரிந்தது. சுற்றிலும் பரவிக் கிடந்த தன் கூட்டத்தைப் பார்த்து அது சொன்னது:

"கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலை ஷிப்டில் நம் ஆட்கள் வருகிறார்கள்."