கறிவேப்பிலை ஜாமீன்

கோவில்பட்டி செண்பகவல்லி கனடாவில் பட்டம் வாங்கி, பனி கொட்டும் ஒரு சின்ன ஊரில் இட்லிப் பொடிக் கடை வைத்தாள். அங்கேயே தங்கித் தொழில் செய்கிற பட்டதாரிக்கு பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை உண்டு.

அதை வழங்கும் அதிகாரி அருளானந்தம் யாழ்ப்பாணத்துக்காரர்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வாயில் இங்கிலீஷ்தான் வரும்.

"கார்டு கிடைத்ததும் டொராண்டோவுக்கு ஓடிவிடுவாய். ஓடமாட்டாய் என்று நிரூபி. இல்லாவிட்டால் ஊருக்கு மூட்டையைக் கட்டு!"

"வீட்டுக்குள்ள ஆளுயரத்துக்குக் கறிவேப்பிலை வளர்த்திருக்கேன் சார். வாசலைத் தாண்டினா குளிர்ல கருகிடும். அதை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் கண்கலங்கிக் கும்பிட்டாள்.

கதவருகே போனவளைத் தமிழில் கூப்பிட்டார்: "பிள்ளை, எனக்கும் ஒரு கன்று தருவீங்களோ?"

"சந்தோஷமா தர்றேன் சார். ஆனா அப்புறம் நீங்களும் இந்த ஊரை விட்டு நகர முடியாது!"